ஒரே ஒரு மார்க்கு!

அதிகாலை மணி 4.

திருச்சி உறையூரில் ஒரு சின்னத் தெரு. தெருவே உறங்குகிறது. ஒரு வீட்டில் மட்டும் சமையல் அறையில் விளக்கு எரிகிறது.

பால் காய்ச்சுவதற்காக அல்ல! அங்கே ஒரு பெண் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொண்டு இருக்கிறாள். அரிசி டப்பாவின் மேல் தடிமனான புத்தகம். மடியில் நோட்டு.

ஏன் சமையல் அறை? கூடத்தில் விளக்கைப் போட்டால் குழந்தை விழித்துக் கொள்ளும். மாமனாருக்குத் தூக்கம் கெடும். ஆகவே, விடியும் வரை சமையல் அறைதான் அவளுக்குப் படிப்பு அறை.

அவளுக்கு வயது 28. பகலில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. அவள் படிப்பது ஆடிட்டர் பரீட்சைக்கு. பைனல் பரீட்சையின் ஒரு பாதியைக் கல்யாணத்துக்கு முன்பே பாஸ் செய்துவிட்டாள். மறு பாதியை மூன்று தடவை எழுதினாள். மூன்று தடவையும் தேறவில்லை.

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டாள். ஆகவே போடவில்லை.)

"இன்னுமா படிக்கிறே?" என்று தெருவில் கேட்கிறார்கள்.

"கல்யாணம் ஆச்சு. குழந்தையும் பிறந்தாச்சு. இனிமேல் என்ன படிப்பு?" என்று உறவினர் கேட்கிறார்கள்.

கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. இந்தப் பரீட்சை எப்படிப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. அதனால் கேட்கிறார்கள்.

அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

கையெழுத்தின் விலை

நாம் "ஆடிட்டர்" என்கிறோம். "பட்டயக் கணக்காளர்" என்பது முழுப் பெயர். சுருக்கமாக சி.ஏ.

மில்லோ, வங்கியோ, பெரிய கம்பெனியோ தன் வரவு செலவுக் கணக்கை வெளியிடுகிறது. அந்தக் கணக்கைச் சோதித்து, தன் கருத்தை எழுதி, கையெழுத்துப் போடுகிறவர் ஆடிட்டர். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் வங்கிகள் கடன் கொடுக்கின்றன. ஜனங்கள் பங்கு வாங்குகிறார்கள். கையெழுத்துப் பொய்யானால் பல பேருடைய பணம் போய்விடும். ஆகவே, அந்த உரிமையைச் சுலபத்தில் கொடுப்பது இல்லை.

1949-ம் ஆண்டு இதற்கு என்று ஒரு சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஜூலை 1-ந் தேதி இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் ஏற்பட்டது. பரீட்சை நடத்துவது இந்த நிறுவனமே.

மூன்று படிகள் உண்டு. பவுண்டேஷன், இன்டர்மீடியட், பைனல். இரண்டாவது படிக்கும் மூன்றாவது படிக்கும் நடுவில், ஒரு ஆடிட்டரிடம் சேர்ந்து வேலை பழக வேண்டும். இதற்கு "ஆர்ட்டிகிள்ஷிப்" என்று பெயர். முன்பு 3 ஆண்டு பழக வேண்டும். 2023 ஜூலையில் வந்த புதிய திட்டத்தில் அதை 2 ஆண்டாகக் குறைத்தார்கள். பழகி முடித்து 6 மாதம் ஆன பிறகே பைனல் எழுத முடியும் என்றும் வைத்தார்கள். அந்த 6 மாதம் படிப்புக்கு!

இது பெரிய மாறுதல். முன்பு எல்லாம் பையன் பகலில் ஆபீசில் இருப்பான், இரவில் புத்தகத்தில் இருப்பான். மார்ச் 31-ந் தேதி குடோனில் ஏறி மூட்டை எண்ணுவான். ஏப்ரலில் வங்கிக் கிளைகளில் தணிக்கை. செப்டம்பர் வந்தால் வரித் தணிக்கை. ஆபீசில் விளக்கே அணையாது. இரவு 9 மணிக்குப் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, புத்தகத்தைத் திறக்கும்போது கண் சொருகும். கைக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல. சில ஆயிரம் ரூபாய் உதவித் தொகை.

ஆர்ட்டிகிள் முடித்து, தேறாமல், வேலைக்குப் போய்க் கொண்டே படிப்பவர்கள் ஏராளம். அவர்களுக்கு அந்த 6 மாத ஓய்வும் இல்லை. உறையூர்ப் பெண் அப்படிப்பட்டவள்தான்.

இந்தக் கணக்கைப் போடுங்கள்

பைனலில் 6 தாள்கள். மூன்று மூன்றாக இரண்டு குரூப். ஒவ்வொரு தாளுக்கும் 100 மார்க்கு.

பாஸ் செய்ய என்ன வேண்டும்? ஒவ்வொரு தாளிலும் 40 வாங்க வேண்டும். அது மட்டும் போதாது. குரூப்பில் மூன்று தாளும் சேர்ந்து 300-க்கு 150 வர வேண்டும். இரண்டும் வேண்டும்!

ஒருவன் 39, 70, 80 வாங்கினான் என்று வைத்துக் கொள்வோம். கூட்டினால் 189. ஆனாலும் பெயில்! 39 இருக்கிறதே!

இன்னொருவன் 40, 45, 60 வாங்குகிறான். எல்லாத் தாளிலும் 40 இருக்கிறது. கூட்டினால் 145. அவனும் பெயில்!

ஆனால், ஒரு தாளில் 60 எடுத்துவிட்டால் ஒரு சலுகை உண்டு. அந்தத் தாளை அடுத்த மூன்று தடவை வரை மறுபடி எழுத வேண்டியது இல்லை. பழைய மார்க்கே நிற்கும். ஆகவே, 189 வாங்கிப் பெயிலான பையனுக்கு உண்மையில் பாக்கி இருப்பது ஒரு தாள்தான். அவன் முக்கால் கிணறு தாண்டிவிட்டான். இது தெரியாமல், "பெயிலாகி வந்து நிற்கிறானே!" என்று வீட்டில் இரண்டு நாள் அடுப்பு மூட்டாமல் இருந்த குடும்பத்தை நான் அறிவேன்.

2024 நவம்பரில் பைனல் பரீட்சை நடந்தது. இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதியவர்களில் 100-க்கு 13 பேரே தேறினார்கள். மீதி 87 பேரும் மக்குகளா? இல்லை. இன்டர்மீடியட்டைத் தாண்டி வந்தவர்கள் அவர்கள். இந்தப் பரீட்சையில் பெயிலாவது சாதாரணம், தேறுவதுதான் அபூர்வம்.

சீட்டுக் கணக்கும் பரீட்சைக் கணக்கும்

உறையூர் வீட்டுக்குத் திரும்புவோம்.

மாமியார் 8-ம் வகுப்பு வரை படித்தவர். ஆனால் கணக்கில் கெட்டி. 20 பேரை வைத்துச் சீட்டு நடத்தியவர். ஒரு ரூபாய் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார்.

மருமகள் மேல் அவருக்குக் கோபம் இல்லை. ஆனால், வருத்தம் உண்டு. குழந்தை அழுதால்கூடப் புத்தகத்தை வைக்க மாட்டேன் என்கிறாளே என்று வருத்தம். மூன்றாவது தடவை முடிவு வந்த அன்று இரவு கேட்டுவிட்டார்.

"ஏம்மா, மூணு தடவை ஆச்சே. உனக்கு வராத படிப்பை ஏன் கட்டிக்கிட்டு அழறே?"

மருமகள் பதில் சொல்லவில்லை. சுவரில் மாட்டி இருந்த தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்தாள். பின்பக்கம் மூன்று எண்களை எழுதினாள். 52, 44, 53.

"கூட்டிப் பாருங்க அத்தை."

மாமியார் வாய்க்குள் கூட்டினார். "நூத்தி நாப்பத்தொன்பது."

"நூத்தி அம்பது வேணும்."

மாமியார் தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக் கொண்டு, மறுபடி கூட்டினார். பிறகு விரல் விட்டுக் கூட்டினார்.

"ஒரு மார்க்கா? ஒரே ஒரு மார்க்கா? மறுபடி மூணையும் எழுதணுமா?"

"ஆமாம் அத்தை. எதிலேயும் அறுபது இல்லையே."

அன்று இரவு மாமியாருக்குத் தூக்கம் வரவில்லையாம். காலையில் எழுந்ததும் மகனைக் கூப்பிட்டார். "காலையிலே குழந்தையை நீ பார்த்துக்கோ. ராத்திரிப் பாத்திரம் உன் பொறுப்பு. சமையல் நான் பார்த்துக்கறேன். அவளை யாரும் ஒரு வேலையும் சொல்லக் கூடாது" என்றார். மாமனார் பொன்மலை ரெயில்வே ஒர்க்ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். தம் பங்குக்கு, டெலிவிஷன் பெட்டியின் சத்தத்தைக் குறைத்துக் கொண்டார்.

மூன்று வருஷம் சொல்லியும் புரியாதது ஒரு கூட்டல் கணக்கில் புரிந்தது.

சிறையில் எடுத்த முடிவு

வீடும் நாடும் ஒரு பக்கம் இழுக்க, கணக்குப் புத்தகம் மறு பக்கம் இழுப்பது புதிய சங்கதி அல்ல.

இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர் யார் தெரியுமா? நம் சென்னையைச் சேர்ந்தவர். ஆர். சிவபோகம் அம்மையார். 1907-ல் பிறந்தவர். ராணி மேரி கல்லூரியில் படித்தவர். சகோதரி சுப்புலட்சுமி அம்மையாரிடம் பழகி, நாட்டுப் பணியில் இறங்கினார். அன்னியப் பொருள்களைப் பகிஷ்கரிக்கும் போராட்டத்தில் ஈடுபட்டு, ஓர் ஆண்டு சிறை சென்றார்.

கணக்குத் தணிக்கைத் தொழிலுக்கு வருவது என்று அவர் முடிவு செய்தது சிறையில்தான்! அந்தக் காலத்தில் அது முழுக்க முழுக்க ஆண்கள் தொழில். வெளியே வந்தார். படித்தார். 1933-ல் கணக்குத் துறை அரசு டிப்ளமாவில் தேறினார்.

தேறிவிட்டால் போதுமா? சிறை சென்றவர்கள் ஆடிட்டராகப் பதிவு செய்து கொள்ள அப்போது தடை இருந்தது. அம்மையார் விடவில்லை. கோர்ட்டுக்குப் போய் வழக்காடி, வென்றார். 1937-ல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். 1955 முதல் 1958 வரை, நிறுவனத்தின் தென்னிந்தியக் கிளைக்கு அவரே தலைவர். 1966-ல் காலமானார்.

ஒரே அறை, இரண்டு பேர்

நம் காலத்துக்கு வருவோம். 2013 ஜனவரியில் சி.ஏ. பைனல் முடிவு வந்தது. இந்தியாவிலேயே முதலாவதாக வந்தவர் பிரேமா ஜெயக்குமார். 800-க்கு 607 மார்க்கு! (அப்போது எட்டுத் தாள்கள்.)

தந்தை மும்பையில் ஆட்டோ ஓட்டுகிறவர். அப்போதைய விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து பிழைப்புத் தேடிப் போன தமிழ்க் குடும்பம். மலாடு பகுதியில் ஒரு சின்னஞ்சிறு வீடு. அந்த வீட்டில் இன்னொருவரும் அதே பரீட்சைக்குப் படித்துக் கொண்டு இருந்தார். பிரேமாவின் தம்பி! அவரும் அதே தடவையில் தேறிவிட்டார்.

பத்திரிகைகள் எல்லாம் "ஆட்டோக்காரர் மகள்" என்று எழுதின. எனக்கு என்னவோ, அந்தச் சின்ன இடத்தில் மற்றவர்கள் எப்படி நடமாடினார்கள், எப்போது பேசினார்கள், எப்போது பேசாமல் இருந்தார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும் போல இருந்தது.

45 மணி நேரம்

இப்போது பரீட்சை நாளுக்கு வருவோம்.

பரீட்சை பகல் 2 மணிக்குத் தொடங்கும். 5 மணிக்கு முடியும். (பைனலின் கடைசித் தாள் மட்டும் 4 மணி நேரம்.) பெரும்பாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பரீட்சை. திங்கட்கிழமை 5 மணிக்கு ஒரு தாளை முடித்தால், புதன்கிழமை 2 மணிக்கு அடுத்த தாள். நடுவில் எவ்வளவு நேரம்? 45 மணி.

தூக்கத்துக்கு 13 மணி. பரீட்சை மண்டபத்துக்குப் போக, வர, சாப்பிட, குளிக்க 8 மணி. மிச்சம் 24 மணி. ஆயிரக்கணக்கான பக்கங்களை 24 மணி நேரத்தில் ஒரு தடவையாவது புரட்டிவிட வேண்டும். முதல் தடவையாகப் படிப்பவனால் இது முடியவே முடியாது. முன்பே இரண்டு, மூன்று முறை படித்து, ஒவ்வொரு பாடத்தையும் நாலு பக்கமாகச் சுருக்கி வைத்து இருப்பவனுக்குத்தான் முடியும். மாதக் கணக்கில் படிப்பது எல்லாம் இந்த ஒரு நாளுக்காகவே.

அந்த 45 மணி நேரத்தில் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அவரை உட்கார வைத்து, காப்பி கொடுத்து, "என்ன படிக்கிறே?" என்று அவர் கேட்க, அதற்குப் பதில் சொல்லி... ஒரு மணி நேரம் போய்விடும். ஒரு மணி நேரத்தில் ஒரு மார்க்கு இருக்கிறது.

இன்னொரு விஷயம். இரவு முழுவதும் விழித்துப் படித்துவிட்டு, பகலில் தூங்கிப் பழகுகிறார்கள் பலர். பரீட்சை நடப்பதோ பகல் 2 மணிக்கு! உடம்பு பழக்கத்தை விடுமா? சரியாக அந்த நேரத்தில் கொட்டாவி வரும். ஆகவே, கடைசி ஒரு மாதமாவது இரவில் தூங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பகல் 2 மணி முதல் 5 மணி வரை, கடிகாரத்தை வைத்துக் கொண்டு, பழைய கேள்வித்தாளுக்குக் கையால் பதில் எழுதிப் பார்க்க வேண்டும். படித்தது எல்லாம் தெரிந்தது போல இருக்கும். எழுதும்போதுதான் தெரியாதது தெரியும்! மாதிரிக் கேள்வித்தாள்களையும் பழைய கேள்விகளுக்கு விடைகளையும் நிறுவனமே இணையத்தில் இலவசமாகப் போடுகிறது. ஆயிரக்கணக்கில் பணம் கட்டி டியூஷனில் சேர முடியவில்லையே என்று ஏங்குகிறவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம்.

தமிழில் படித்தவர்களுக்கு இன்னொரு சுமை. இன்டர்மீடியட்டும் பைனலும் ஆங்கிலத்தில் எழுதலாம், இந்தியில் எழுதலாம். தமிழில் எழுத முடியாது. கணக்கு வரும், வாக்கியம் வராது என்று தவிக்கிறவர்கள் கிராமப் பள்ளிகளில் இருந்து வருகிற பிள்ளைகள்தான். அவர்கள் தினம் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் விடை எழுதி, தெரிந்த ஒருவரிடம் திருத்தி வாங்க வேண்டும். இது நியாயமா என்று கேட்டால், நியாயம் இல்லை என்றுதான் சொல்வேன்.

சட்டமும் நிற்காமல் மாறுகிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக, 2025-ல் புதிய சட்டம் இயற்றி, 2026 ஏப்ரல் 1 முதல் அமுல் என்று வைத்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன்பு படித்ததை வைத்துக் கொண்டு இப்போது பதில் எழுத முடியாது. ஆகவே, "போன தடவை படித்ததுதானே, இப்போது என்ன புதிதாகப் படிக்கிறாய்?" என்று கேட்காதீர்கள்.

பண்டிகையும் குறுக்கே வரும். 2025 ஜனவரியில் பவுண்டேஷன் பரீட்சையின் ஒரு தாள் 14-ந் தேதி வந்தது. அன்று பொங்கல்! பிறகு அதை 16-ந் தேதிக்கு மாற்றினார்கள். கல்யாண முகூர்த்தத்தை அப்படி மாற்றுவார்களா? மே மாதப் பரீட்சைக்கும் முகூர்த்த நாட்களுக்கும் எப்போதும் சண்டைதான்.

வேண்டாம் என்று விடுவதும் உண்டு

ஐந்து தடவை, ஆறு தடவை எழுதிவிட்டு, போதும் என்று நிறுத்தியவர்களையும் எனக்குத் தெரியும். ஒருவர் ஈரோட்டில் துணிக் கம்பெனியில் கணக்கு மானேஜர். நன்றாக இருக்கிறார். இன்டர்மீடியட் வரை படித்த படிப்பு வீணாகவில்லை. சாப்பிடாமல், தூங்காமல், யாருடனும் பேசாமல் ஒரு பிள்ளை அறையிலேயே கிடக்கிறது என்றால், மார்க்கைப் பற்றிப் பேச வேண்டாம். முதலில் பக்கத்தில் உட்காருங்கள். டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும் என்றால் அழைத்துப் போங்கள். ஒரு தடவை எழுதாமல் விட்டாலும் பரீட்சை அடுத்த தடவை வரும்.

நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம்

உறையூர்ப் பெண் நான்காவது தடவை எழுதினாள். மே மாதம்.

முதல் தாளுக்கும் இரண்டாவது தாளுக்கும் நடுவில், அந்த 45 மணி நேரத்தில், நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம்! தஞ்சாவூரில். சொந்த நாத்தனார். போகாமல் இருக்க முடியுமா?

"அத்தை, காலையிலே வந்து தலையைக் காட்டிட்டு உடனே திரும்பிடறேன்" என்றாள்.

"நீ வர வேண்டாம். நான் சொல்லிக்கறேன்" என்றார் மாமியார்.

மகனையும் குழந்தையையும் அழைத்துக் கொண்டு போனார். அங்கே எல்லோரும் கேட்டார்கள். "மருமகள் எங்கே? வரலையா? ஏதாவது மனஸ்தாபமா?"

மாமியார் இடுப்பில் செருகி இருந்த சுருக்குப் பையைத் திறந்தார். மடித்து வைத்து இருந்த காலண்டர் தாளை எடுத்தார்.

"இதைக் கூட்டுங்க, பார்க்கலாம்" என்றார்.

சம்பந்தி அம்மாள் கூட்டினார். சித்தப்பா கூட்டினார். சமையல்காரர்கூடக் கூட்டினாராம். அன்று கிரகப்பிரவேச வீட்டில் அதுதான் பேச்சு. மகளுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். அது தீர இரண்டு மாதம் ஆயிற்று.

ஜூலையில் முடிவு வந்தது. மகன் செல்போனில் பார்த்தார். மூன்று எண்கள் வந்தன. "பாஸ்" என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"நீ சொல்லாதே. மார்க்கை மட்டும் படி" என்றார் மாமியார்.

"அறுபத்திரண்டு."

"உம்."

"நாற்பத்தொன்று."

மாமியாருக்கு மூச்சே நின்றுவிட்டது. "நாற்பதுக்கு மேலே ஒண்ணு இருக்கு இல்லே? சரி. அடுத்தது?"

"ஐம்பத்தெட்டு."

மாமியார் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். மருமகள் சமையல் அறை வாசலில் நின்று கொண்டு, அவர் எண்ணி முடிக்கட்டும் என்று காத்து இருந்தாள்.